ஓரம் வெட்டப்பட்ட அட்டை

ஒன்றரை அங்குல அகலமும் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றே கூடிய நீளமும் உடையது அந்த அட்டை. அதன் முகப்பிலே ஒரு விளையாட்டு வீரரின் வண்ணப்படம். பின்புறத்திலே ஒரு சிகரெட் விளம்பரம். நூறாண்டுகளுக்கு முன்னர்ச் சிகரெட் பெட்டியினுள் இனாமாக வந்த அச்சிறு துண்டு, 2007 ஆம் ஆண்டில் 28 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. ஆறு ஆண்டுகள் சென்றன. முன்னொரு காலத்தில் அதனை வாங்கி விற்ற வியாபாரி ஒருவர், அதன் ஓரங்களை வெட்டியவர் தாமே என்று சிக்காகோ நகர நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

அப்படியாயின் அதனை வாங்கியோர் யாவரும் அறிவிலிகளா? அல்லர். பெருஞ்செல்வர்களும், விளையாட்டுக் கழக உரிமையாளர்களும், இத்துறையிற் பல்லாண்டு தோய்ந்தவர்களும் அவ்வரிசையில் இருந்தனர். கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் பணத்தைக் கொட்டவில்லை. மூன்று சாட்சிகளைக் கேட்ட பின்னரே வாங்கினர். முதலாவது, வல்லுநர் வழங்கிய சான்றிதழ். இரண்டாவது, அப்பொருள் முன்னர் விற்ற விலை. மூன்றாவது, தம்மோடு போட்டியிட்டு ஏலங் கேட்ட மற்றவர்கள். உலகில் எந்தப் பொருளை வாங்கும்போதும் நாமும் இம்மூவரையே சாட்சிக்கு அழைக்கின்றோம். இச்சாட்சிகள் மூவரும் பொய்யுரைக்கக் கூடும் என்பதை அந்த அட்டையின் வரலாறு காட்டுகின்றது. ஆதலின் அதனை இவ்வாரம் சற்று விரித்துக் கூறுவோம்.

சிகரெட் பெட்டியிற் பிறந்த செல்வம்

நமக்குக் கிரிக்கெட் எவ்வாறோ, அமெரிக்கருக்குப் பேஸ்போல் அவ்வாறு. அவ்விளையாட்டில் வல்லவரின் படங்களைச் சிறு அட்டைகளில் அச்சிட்டுச் சிகரெட் பெட்டிகளுள் வைத்து விற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே வழக்கமாகி விட்டது. மெல்லிய பெட்டி நசுங்காமல் அட்டை காத்தது. அடுத்த படத்தையும் பெறவேண்டும் என்னும் ஆசை அடுத்த பெட்டியையும் வாங்கச் செய்தது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பனி வெளியிட்ட வரிசை 524 அட்டைகளைக் கொண்டது. சேகரிப்போர் அதனை ‘ரி 206’ என்று குறிப்பர்.

அவ்வரிசையில் ஒருவர் பிட்ஸ்பேர்க் அணியின் ஹோனஸ் வாக்னர். 1874 ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்திற் பிறந்த அவர், தம் காலத்து வீரருள் ஈடிணையற்றவராக விளங்கினார். பேஸ்போல் விளையாட்டின் புகழ்மண்டபத்துக்கு 1936 ஆம் ஆண்டு முதன்முதல் தெரிவுசெய்யப்பட்ட ஐவருள் அவரும் ஒருவர். தமது படத்தைச் சிகரெட்டுடன் விற்க அவர் இணங்காமையால், அவருடைய அட்டை அச்சிடுவது விரைவிலே நிறுத்தப்பட்டது. படத்துக்காகச் சிறுவர் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் ஒரு சாரார். தக்க ஊதியம் தரப்படாமையே காரணம் என்பர் மற்றொரு சாரார். அவர் தாமே புகையிலை பயன்படுத்தியவர் என்பதை இவர்கள் எடுத்துக் காட்டுவர். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. ஏனைய வீரரின் அட்டைகள் ஆயிரக்கணக்கில் எஞ்சியிருக்க, வாக்னரின் அட்டையில் இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ அறுபதே.

இந்த அட்டைகளைக் கல்வியுலகம் மதிக்கும்படி செய்த பெருமை ஜெபர்சன் பேர்டிக் என்பவரைச் சாரும். நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலை ஒன்றிற் பணிபுரிந்த எளிய மனிதர் அவர். மூட்டுவாத நோய் அவருடைய கைகளை முடக்கியது. ஆயினும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுச் சீட்டுகளையும் அட்டைகளையும் திரட்டி, வகைப்படுத்தி, பட்டியல் நூலொன்றும் வெளியிட்டார். ‘ரி 206’ என்னும் பெயரே அவர் இட்டதுதான். தம் திரட்டு முழுவதையும் நியூயோர்க் நகரின் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்துக்கு இனாமாக வழங்கினார். வழங்கியதோடு அமையாது, ஆண்டுக்கணக்காக அங்கே அமர்ந்து அவற்றைத் தம் கையாலேயே தொகுதிகளில் ஒட்டினார். 1963 ஆம் ஆண்டு சனவரியில் அப்பணி முடிவுற்றது; மார்ச்சு மாதத்தில் அவர் வாழ்வும் முடிவுற்றது. அவர் தந்த திரட்டில் வாக்னர் அட்டையும் ஒன்று. அவர் காலத்துப் பட்டியலில் அதற்குக் குறித்த விலை 50 டொலர்! மற்றை அட்டைகளோடு ஒப்பிடும்போது அதுவே அன்று பெருவிலை.

பேர்டிக் பொருளைத் தேடினார். அவருக்குப் பின் வந்தோருட் பலர் பொருளின் விலையைத் தேடினர். இவ்வேறுபாட்டினூடேதான் வஞ்சம் உள்ளே நுழைந்தது.

முதற் சாட்சி: சான்றிதழ்

1985 ஆம் ஆண்டு, பில் மாஸ்ட்ரோ என்னும் வியாபாரி, நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டிலே ஒரு வாக்னர் அட்டையை 25 ஆயிரம் டொலருக்கு வாங்கினார். இரண்டாண்டு கழித்து அதனை 1 இலட்சத்து 10 ஆயிரம் டொலருக்கு விற்றார். எழுபத்தைந்து ஆண்டு கடந்த அட்டையாயினும் அதன் முனைகள் ஊசிபோற் கூர்மையாக இருந்தன. ஓரங்கள் கோடு கிழித்தாற்போல நேராக இருந்தன. கண்டோர் வியந்தனர்.

இங்கே ஒரு தொழில் நுட்பத்தை வாசகர் அறிதல் வேண்டும். பழைய அட்டையின் மதிப்பு அதன் முனைகளிலே தங்கியுள்ளது. கைபட்டுக் கைபட்டு முனை மழுங்கும். ஓரம் நைந்து பஞ்சுபோலாகும். ஓரத்தை மயிரிழையளவு வெட்டிவிட்டால் மழுங்கிய முனை போய்ப் புதிய முனை தோன்றும். பார்வைக்கு அட்டை இளமை பெறும். உண்மையிலே அது ஊனமடையும். ஆகையால் வெட்டிய அட்டையை நல்ல நிலையிலுள்ள அட்டையாகக் கொள்ளலாகாது என்பது சேகரிப்போர் விதி. ஓரம் வெட்டிய முத்திரையைத் தபால்முத்திரை சேர்ப்போர் ஒதுக்குவதும் இதனையொத்ததே.

1991 ஆம் ஆண்டு, அட்டைகளைச் சோதித்து 1 முதல் 10 வரை தரமிடும் பீ.எஸ்.ஏ. என்னும் நிறுவனம் கலிபோர்னியாவில் தொடங்கியது. அந்நிறுவனம் தரமிட்ட முதல் அட்டை இதுவே. சான்றிதழின் இலக்கம் 1. வழங்கிய தரம் 8. ஓரம் வெட்டிய அட்டைக்கு அத்தகைய தரம் வழங்கலாகாது என்பது அந்நிறுவனத்தின் விதி. எனினும் வழங்கப்பட்டது. பிளாத்திக்கு உறையினுள் முத்திரையிடப்பட்ட அட்டையை அதன்பின் யார் அளந்து பார்ப்பார்? சான்றிதழ் வருமுன் அட்டையைப் பார்த்தவர்கள், வந்தபின் சான்றிதழையே பார்த்தனர்.

ஐயுறவு முற்றாக அடங்கிவிடவில்லை. மைக்கல் ஓகீஃப், தெரி தொம்சன் என்னும் பத்திரிகையாளர் இருவர் 2007 ஆம் ஆண்டு இவ்வொரே அட்டையைப் பற்றி நூலொன்று எழுதி, அது வெட்டப்பட்டதென்னும் சந்தேகத்தை வெளிப்படையாக ஆராய்ந்தனர். 2012 ஆம் ஆண்டு மாஸ்ட்ரோமீதும் அவருடைய ஏல நிறுவனத்தில் இருந்த வேறு சிலர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. 2013 ஆம் ஆண்டு அவர் தபால்வழி மோசடிக் குற்றத்தை ஏற்றார். அட்டையை வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். 2015 ஆம் ஆண்டு அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சான்றிதழ் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. சான்றிதழும் மனிதர் கையெழுத்தே என்பதை மறவாதிருத்தல் வேண்டும் என்கிறோம். அமெரிக்க எப்.பி.ஐ. பொலிசார் 1990-களின் இறுதியிற் கலிபோர்னியாவிலே ஒரு பெரும் போலிக் கையொப்பக் கூட்டத்தைப் பிடித்தனர். அக்கூட்டத்தார் விளையாட்டு வீரர்களின் கையொப்பங்களைப் பந்துகளிலும் மட்டைகளிலும் எழுதி, உண்மைச் சான்றிதழ்களுடன் விற்றுவந்தனர். கைப்பற்றிய பொருள்களுள் அன்னை தெரேசா கையொப்பமிட்ட பேஸ்போல் பந்துகளும் இருந்தன! கல்கத்தாவிலே தொழுநோயாளரைத் தொட்டுப் பணிசெய்த துறவிக்குப் பேஸ்போல் பந்திலே கையொப்பமிட எப்போது ஓய்வு கிடைத்தது என்று கேட்க வாங்குவோருக்குத் தோன்றவில்லை. சான்றிதழ் இருந்ததன்றோ?

இக்களவு இன்றும் ஓய்ந்தபாடில்லை. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில், உயர்ந்த தரச் சீட்டுகளைப் போலியாகச் செய்து தாழ்ந்த அட்டைகளுக்கு இட்டு, 20 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட மோசடி நடத்தினர் என்று நியூயோர்க்கில் இருவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அட்டையைப் போலி செய்வதிலும் சான்றிதழைப் போலி செய்வது எளிதெனக் கள்வர் கண்டுகொண்டனர் போலும்.

இரண்டாம் சாட்சி: முன்னைய விலை

வெட்டப்பட்ட அந்த அட்டை ஏறிய விலைப்படிகளைக் கவனியுங்கள். 1991 ஆம் ஆண்டு ஐஸ் ஹொக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் நியூயோர்க் ஏலமொன்றில் 4 இலட்சத்து 51 ஆயிரம் டொலர் கொடுத்து அதனை வாங்கினர். அதனால் இன்றும் அது கிரெட்ஸ்கி அட்டை என்றே அழைக்கப்படுகின்றது. 1996 ஆம் ஆண்டு 6 இலட்சத்து 40 ஆயிரத்து 500 டொலர். 2000 ஆம் ஆண்டு ஈபே என்னும் இணையச் சந்தையில் 12 இலட்சத்து 65 ஆயிரம் டொலர். 2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 23 இலட்சத்து 50 ஆயிரம். அவ்வாண்டிலேயே மீண்டும் 28 இலட்சம்.

இவ்விடைக்காலத்தில் அட்டையிலே எந்த மாற்றமும் நிகழவில்லை. வெட்டிய நாளில் எவ்வளவு ஊனமோ இறுதி நாளிலும் அவ்வளவே ஊனம். ஆயின் ஒவ்வொரு விலையும் அடுத்த விலைக்குச் சாட்சியாயிற்று. இத்தனை இலட்சத்துக்கு ஒருவர் வாங்கியிருக்கின்றார், அவர் ஆராயாமலா வாங்கியிருப்பார் என்று அடுத்தவர் எண்ணினார். அவருக்கு முன் வாங்கியவரும் அப்படியே எண்ணினார். எல்லாரும் முன்னவரின் ஆராய்ச்சியை நம்பினர், ஆராய்ந்தவர் ஒருவருமிலர்.

நம்மூர்க் கோயில்களில் நடைபெறும் ஏலத்தை நினைத்துப் பாருங்கள். சுவாமிக்குப் படைத்த மாம்பழமொன்று ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏலம் போகும். அதனைக் கண்டு சந்தையில் மாம்பழம் விலையேறிவிட்டது என்று ஒருவரும் கூறார். அந்த ரூபா அடியாரின் அன்பை அளந்ததேயன்றிப் பழத்தை அளக்கவில்லை என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஏல விலை எங்கும் அத்தகையதே. கேட்டவர் மனத்திலே எவ்வளவு ஆசை இருந்தது என்பதை அது காட்டும். பொருளிலே எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைக் காட்டாது. கோயில் முற்றத்தில் நமக்கு எளிதாக விளங்கும் இவ்வுண்மை, கணினித் திரையின் முன்னே மறந்துபோகின்றது.

விலை எத்துணை நிலையற்றது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1952 ஆம் ஆண்டு ரொப்ஸ் கம்பனி வெளியிட்ட பேஸ்போல் அட்டைகளில் மிகப் பல விற்கப்படாமற் கிடங்கிலே தேங்கின. இடத்தை அடைக்கும் குப்பையென்று கருதி, 1960 ஆம் ஆண்டு அவற்றைப் படகிலேற்றிச் சென்று அத்திலாந்திக் கடலிலே கொட்டினர். அவ்வரிசையில் மிக்கி மான்ரில் என்னும் வீரரின் அட்டையொன்று 2022 ஆம் ஆண்டு 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விற்றது. அன்று கடலில் வீசியோரும் அறிவாளிகள். இன்று கோடி கொடுத்தோரும் அறிவாளிகள். இடையில் மாறியது மக்களின் விருப்பமேயாகும்.

மூன்றாம் சாட்சி: உடன் கேட்பவர்

மூன்று சாட்சிகளுள் மிகக் கொடியவன் இவனே. ஏலத்திலே நிற்கும் ஒருவருக்குத் தம் அறிவைவிடப் பக்கத்தில் நிற்பவரின் கேள்வியிலே நம்பிக்கை மிகுதி. இன்னொருவரும் கேட்கிறாரென்றால் பொருள் நல்லதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் தோன்றும். அவரிடம் தோற்பதா என்ற வீறாப்பும் உடன் தோன்றும். இவ்விரண்டையும் நன்கு அறிந்த விற்பனையாளர், தம் ஆளையே கூட்டத்தில் நிறுத்தி விலையை ஏற்றுவது பழங்காலந்தொட்டு வரும் சூழ்ச்சி.

முன்னாளிலே அந்தக் கையாளுக்கு ஒரு முகம் இருந்தது. இரண்டு மூன்று ஏலங்களில் அவனைக் கண்டவர் அடையாளம் பிடித்துவிடுவர். இணையத்திலே முகமில்லை; புனைபெயர் ஒன்றே உண்டு. ஒருவர் பத்துப் பெயரில் நுழையலாம். வெவ்வேறு ஊரிலுள்ள நண்பர் நால்வரையும் ஏவலாம்.

அன்றியும், இணைய ஏலத்திலே உச்சக் கேள்வி என்றொரு முறை உண்டு. வாங்குபவர் தாம் கொடுக்கக்கூடிய மிகக் கூடிய தொகையை முன்னரே மறைவாகப் பதிந்து வைக்கலாம். பிறர் கேட்கக் கேட்க, அவருக்காகக் கணினி சிறிது சிறிதாக உயர்த்திக் கேட்கும். ஒருவர் 1,000 டொலர் வரை பதிந்திருக்க, உண்மையான எதிராளி 400 டொலருடன் நின்றுவிட்டார் என்று கொள்வோம். 400-க்குச் சற்று மேலே பொருள் அவருக்குக் கிடைத்தல் வேண்டும். இடையிலே ஒரு கள்ளக் கேள்வி 950 டொலர் என்று விழுமாயின், அவர் அதற்கும் மேலே கொடுக்க நேரும். அவர் பதிந்த தொகையை ஏலம் நடத்துபவரே இரகசியமாகப் பார்ப்பாராயின், அத்தொகை வரை முழுவதையும் பறித்துவிடலாம். மாஸ்ட்ரோவின் நிறுவனத்துக்கு எதிரான வழக்கிலே வெட்டிய அட்டை ஒரு பகுதிதான். பொய்க் கேள்விகளால் விலையை உயர்த்தினர் என்பதே அதன் பெரும்பகுதி. ஏமாந்தவர் எவரும் தம்மை ஏமாந்தவராக எண்ணவில்லை. போட்டியில் வென்றவராகவே எண்ணினர்.

அட்டைக்கு மட்டுமன்று, ஓவியத்துக்கும் இதே கதி. 2000 ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியா மாநிலத்திலிருந்து ஒருவர் பெரிய ஓவியமொன்றை ஈபே சந்தையில் ஏலமிட்டார். கலையறிவு எதுவும் இல்லாத குடும்பத்தவர்போலத் தம்மைக் காட்டிக்கொண்டு, வீட்டுப் பழம்பொருளாக அதனை விவரித்தார். ஓவியத்தின் மூலையிலே தெரிந்த எழுத்துக்களைக் கண்டோர், ரிச்சாட் டீபென்கோர்ன் என்னும் புகழ்மிக்க ஓவியரின் படைப்பென்று தாமாகவே முடிவு செய்தனர். 25 சதத்தில் தொடங்கிய கேள்வி 1 இலட்சத்து 35 ஆயிரத்து 805 டொலரில் முடிந்தது. விற்றவர் தாமே வேறு பெயரில் கேட்டிருந்தமை வெளிப்பட்டதும் ஈபே நிறுவனம் விற்பனையை இரத்துச் செய்தது. விசாரணையிலே அவர் ஒரு சட்டத்தரணி என்பதும், கூட்டாளிகளுடன் சேர்ந்து பல ஏலங்களில் ஒருவர் பொருளை மற்றவர் கேட்டு விலை உயர்த்தியவர் என்பதும் தெரியவந்தன. அவர் குற்றத்தை ஏற்றார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இது இன்னாருடைய ஓவியம் என்று அவர் ஒருபோதும் கூறவில்லை. அறியாதவர்போல் இருந்தார், அவ்வளவே. விற்பவர் அறியாதவர் என்று தோன்றும்போது வாங்குபவருக்குத் தாம் அறிந்தவர் என்னும் பெருமை பிறக்கின்றது. அறியாதவரிடமிருந்து பெருஞ்செல்வத்தைச் சிறுதொகைக்குப் பெற்றுவிடலாம் என்னும் ஆசையும் பிறக்கின்றது. அந்த ஆசை முற்றிலும் நேர்மையானதா என்று வாசகரே எண்ணிப் பார்த்தல் நன்று. கள்வன் பிடிக்கும் கயிறு பெரும்பாலும் நம் கழுத்திலே முன்னரே கிடக்கின்றது.

ஐயுறவேண்டிய குறிகள்

பாட்டனார் பெட்டியிலிருந்து எடுத்தேன், எனக்கு ஒன்றுந் தெரியாது என்னும் முன்னுரை, தெளிவில்லாத படம், நேற்றுத் தொடங்கிய விற்பனைப் பெயர், திருப்பி ஏற்கமாட்டேன் என்னும் நிபந்தனை, சந்தைக்கு வெளியே தனியாகப் பணம் அனுப்பும்படி வேண்டுகோள் - இவற்றுள் இரண்டு ஒன்றுசேர்ந்தாலே கைவிட்டு விலகுதல் அறிவுடைமை. ஒரே விற்பனையாளரின் பொருள்களை மட்டும் மீண்டும் மீண்டும் கேட்டு, ஒன்றையும் வாங்காமற் போகும் பெயர்களையும் கவனித்தல் வேண்டும். விற்றுவிட்டதாகக் காட்டிய பொருள் சில வாரத்திலே திரும்பவும் ஏலத்துக்கு வருமாயின், முதல்முறை வென்றவர் யார் என்ற கேள்வி எழவேண்டும்.

பொருள் கைக்கு வந்தபின் சோதிக்கவும் வழியுண்டு. 1909 ஆம் ஆண்டைச் சேர்ந்த அட்டையிலே வீரரின் பெயரெழுத்துக்கள் இடைவெளியற்ற மையினால் அமைந்தவை. பிற்காலத்தில் ஒளிப்படமெடுத்து அச்சிட்ட நகல்களிலோ, உருப்பெருக்குங் கண்ணாடியின்கீழ் அவ்வெழுத்துக்களே சிறுசிறு புள்ளிகளாகச் சிதறித் தோன்றும். தேநீர்ச் சாயமிட்டும் மண்ணிற் புரட்டியும் பழமை காட்டலாம். புள்ளியை மறைத்தல் இயலாது. மேலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்யப்பட்ட கடதாசிகள் பலவற்றில் வெண்மையைக் கூட்டும் இரசாயனப் பொருள் சேர்க்கப்படுகின்றது. இருளிலே கழியூதாக் கதிரைப் பாய்ச்சினால் அது நீல ஒளி வீசும். நூறாண்டுக் கடதாசி அவ்வாறு ஒளிராது. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இத்தகைய சோதனைகளில் நாட்டங்கொள்ளுதல் நன்று. வல்லுநரின் சொல்லைக் கேட்பது வேறு. வல்லுநர் ஏன் அவ்வாறு சொல்கிறார் என்பதை அறிவது வேறு.

உண்மைப் புதையல்

பரணிலே கிடந்த பெட்டி என்றாலே பொய் என்று முடிவு கட்டுவதும் தவறு. 2012 ஆம் ஆண்டு ஒகாயோ மாநிலத்து டிபையன்ஸ் என்னும் ஊரிலே, காலஞ்சென்ற முதியவர் ஒருவரின் வீட்டுப் பரணைச் சுத்தஞ் செய்தபோது, தூசு படிந்த பெட்டியொன்றில் ஏறத்தாழ 700 பேஸ்போல் அட்டைகள் அகப்பட்டன. நூறாண்டு பழமையுடையவை, கைபடாதவை. வாக்னரின் வேறு வகை அட்டைகளும் அவற்றுள் இருந்தன. கண்டெடுத்தவர்கள் மறைவாக விற்க முயலவில்லை. நிபுணரிடம் அனுப்பினர், முழுத் தொகையையும் வெளிப்படையாகச் சோதிக்கவிட்டனர். முதல் ஏலத்திலே விற்ற சில அட்டைகளே 5 இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டின. உரிமையுடைய உறவினர் இருபதின்மரும் அட்டைகளையும் பணத்தையும் சமமாகப் பகிர்ந்துகொண்டனர்.

பொய்ப் புதையலுக்கும் மெய்ப் புதையலுக்கும் உள்ள வேறுபாடு கதையில் இல்லை. கதை இரண்டுக்கும் ஒன்றே. பொய்ப் புதையல் அவசரப்படுத்தும். மெய்ப் புதையல் காத்திருக்கும். பொய்ப் புதையல் சோதனைக்கு அஞ்சும். மெய்ப் புதையல் சோதனையை வரவேற்கும்.

நம் சட்டமும் நம் கடமையும்

இவை யாவும் அமெரிக்கச் செய்திகளாயினும், விற்பவன் தன் பொருளைத் தானே மறைந்து கேட்பது எங்கும் வஞ்சமே. நமது நாட்டிலும் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இதனைத் தெளிவாகக் கண்டிக்கின்றது. தானும் கேட்பேன் என்று விற்பவன் முன்னரே அறிவியாத ஏலத்தில், அவன் கேட்பதோ தன் பொருட்டுப் பிறரைக் கேட்பிப்பதோ கூடாது. கேட்பித்தால், வாங்கியவர் அவ்விற்பனையை மோசடியாகக் கொள்ளலாம். இணையம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே எழுதப்பட்ட விதி இது. கருவி புதியது, களவு பழையது.

ஆயினும் சட்டம் களவு நடந்தபின்னர் வருவது. கிரெட்ஸ்கி அட்டை வெட்டப்பட்டதற்கும் வெட்டியவர் அதனை ஒப்புக்கொண்டதற்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அதற்குள் எத்தனையோ கைகள் மாறிவிட்டன.

தபால்முத்திரை, நாணயம், அட்டை ஆகியவற்றைச் சேர்க்கும் பிள்ளைகளைப் பெற்றோர் தடுத்தல் வேண்டா. சேகரித்தல் பொறுமையையும் வரலாற்றறிவையும் கூர்ந்து நோக்கும் பழக்கத்தையும் தரும் நற்கலை. இது என்ன விலை என்று பிள்ளை கேட்கும்போது மட்டும், இது என்ன என்று அறிந்தாயா என்று திருப்பிக் கேளுங்கள். எந்த ஆண்டினது, யார் அச்சிட்டது, ஏன் அரிதாயிற்று என்று அறிந்த பிள்ளையை ஏமாற்றுவது கடினம். விலையை மட்டும் அறிந்த பெரியவரை ஏமாற்றுவது மிக எளிது.

வாக்னரின் அட்டைகளுள் ஒன்று, எவரும் ஏலங் கேட்க இயலாதபடி, நியூயோர்க் கலைக்கூடத்திலே பேர்டிக் தந்த திரட்டில் இருக்கின்றது. அதற்கு விலைச்சீட்டு இல்லை. வலிக்கும் விரல்களால் அவற்றை ஒட்டி வைத்த மனிதர் அவற்றினின்று ஒரு சதமும் வேண்டவில்லை. வெட்டப்பட்ட அட்டையின் வரலாற்றைப் படிப்போர் இவ்வட்டையின் வரலாற்றையும் உடன் படித்தல் வேண்டும்.